படிகப் பந்தில் டியூப்லைட் மட்டும் தெரிகிறதா? விக்கா வழிபாட்டில் பந்தைப் பயன்படுத்தும் முறை

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பது, சுருக்கமாக: ஒரு வருடமாக விக்கா (பிரிட்டனில் உருவான, இயற்கை வழிபாடும் மந்திரச் சடங்கும் கலந்த நவீனச் சமயம்) படிக்கிறார், குழு எதிலும் இல்லை, தனியாகத்தான். ‘ஒரிஜினல் ஸ்படிகம்’ என்று விற்ற 80 மில்லிமீட்டர் பந்து ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். பௌர்ணமி அன்று மொட்டைமாடியில் வைத்து எடுத்தாயிற்று. குறி பார்க்க இரவில் அறையில் உட்கார்ந்தால் பந்தில் டியூப்லைட்டும், தலைகீழாகச் சுவர்க் காலண்டரும்தான் தெரிகின்றன. கல் அசல்தானா, எப்படிப் பிரதிஷ்டை செய்வது, கடல் தண்ணீரில் கழுவலாமா, பயப்படும் அம்மாவிடம் என்ன சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மொட்டைமாடியில் வைத்த பந்தைக் காலையில் எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? நிலவொளியால் எந்தக் கேடும் இல்லை. ஆனால் வெயில் விழுந்தால் உருண்டை முழுவதும் ஒரு பூதக்கண்ணாடி. 80 மி.மீ. கண்ணாடிப் பந்தில் சூரிய ஒளி குவியும் இடம், பந்தின் மறுபுறத் தோலிலிருந்து சுமார் 2 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. பந்து உட்கார்ந்திருக்கும் துணியோ மர வளையமோ சரியாக அந்தத் தூரத்தில்தான் இருக்கும். வானிலை நிலையங்களில் வெயில் நேரத்தை அளக்கும் கேம்பெல்-ஸ்டோக்ஸ் கருவியும் இதேதான்: 10 செ.மீ. அளவுள்ள ஒரு கண்ணாடி உருண்டை, பின்னால் ஓர் அட்டை, வெயில் அடித்த நேரமெல்லாம் அட்டையில் கருகிய கோடு. நம் மாவட்டம் 8 பாகை அட்சத்தில் இருக்கிறது, உச்சி வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஜன்னலோரம், பூஜை அலமாரிக்கு வெளியே, காரின் முன்பக்கம், மூன்றும் ஆகாது. காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எடுத்துவிடுங்கள். மற்ற நேரமெல்லாம் பந்து துணி மூடியே இருக்கட்டும். விக்காவில் பந்தை மூடி வைக்கச் சொல்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. வீடு தீப்பிடிக்காமல் இருக்க இது ஒன்றே போதும்.

இனி கல். நல்ல தெளிவான இயற்கை ஸ்படிகத்தில் (குவார்ட்ஸ்), உள்ளே மாசு மறு இல்லாமல், 80 மி.மீ. பந்து கடைவது எளிதல்ல. அதற்கேற்ற விலை இருக்கும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் அப்படி ஒன்று வந்தால் அது கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளலாம். ‘கே9’ என்று போட்டிருந்தால் லென்ஸ் செய்யும் கண்ணாடி. ‘ஸ்மெல்ட் குவார்ட்ஸ்’, ‘ரீகன்ஸ்டிட்யூட்டட்’ என்று போட்டிருந்தாலும் உருக்கி வார்த்ததுதான். உருகிய பிறகு ஸ்படிகத்துக்கு உரிய ஒழுங்கு அதில் இருக்காது. கன்னியாகுமரி கடைத்தெருவில் ஸ்படிக மாலை வாங்குகிறவர்கள் மணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் அசல் என்று கணக்கு. அதில் விஷயம் இருக்கிறது, ஸ்படிகம் கண்ணாடியைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும். ஆனால் ஏ.சி. அறையில் இருந்த கண்ணாடியும் சில்லென்றுதான் இருக்கும். கன்னத்தை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய உறுதியான சோதனை எடை. சமையலறை டிஜிட்டல் தராசில் பந்தைத் தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதி தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். பந்தை வலைப்பையில் போட்டு நூலில் தொங்கவிட்டு, முழுதும் முங்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் தொடாதபடி தண்ணீருக்குள் இறக்குங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் பந்தின் கன அளவு. 80 மி.மீ. பந்துக்கு 268-ஐ ஒட்டி வரும். முதல் எடையை இதால் வகுத்தால் 2.65 வந்தால் ஸ்படிகம், 2.5 என்றால் சாதாரணக் கண்ணாடி அல்லது கே9, 2.8-க்கு மேல் போனால் ஈயம் கலந்த கண்ணாடி. 1.2 வந்தால் அக்ரிலிக், பிளாஸ்டிக்தான். விட்டத்தை ஸ்கேலால் அளந்து கணக்குப் போடாதீர்கள். ஸ்படிகம் 710 கிராம், கண்ணாடி 670 கிராம் என்று வித்தியாசமே 40 கிராம்தான். அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் 27 கிராம் போய்விடும். பந்து தரையைத் தொட்டுவிட்டாலும், வலையில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்குக் கெடும். மூன்று முறை செய்து பாருங்கள்.

இன்னொரு சோதனை கண்ணுக்கே தெரியும். வெள்ளைத் தாளில் ஒரு தலைமுடியை ஒட்டி, பந்தை அதன்மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். மெதுவாக உருட்டி எல்லாத் திசைக்கும் திருப்புங்கள். ஸ்படிகத்தில் ஏதோ ஒரு நிலையில் ஒரு முடி இரண்டாகப் பிரிந்து தெரியும், இன்னொரு நிலையில் மறுபடி ஒன்றாகும். கண்ணாடியில் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி இருந்தால் வேறு சோதனையே வேண்டாம், கண்ணாடி. மெல்லிய திரை போலவோ, வானவில் துண்டு போலவோ மறு இருந்தால் ஸ்படிகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கண்ணாடி என்று தெரியவந்தால் மனம் உடைய வேண்டாம். ஏமாற்றி விற்றிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், அது நியாயம். பார்க்கும் வேலைக்குக் கண்ணாடி ஒரு குறைவும் இல்லை. சொல்லப்போனால் மறு இல்லாத கண்ணாடியில் கண் சிக்கும் புள்ளிகள் இல்லை. படிகப் பந்து விக்காவின் அடிப்படைக் கருவிகளில் ஒன்றே அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விக்காவைப் பரப்பிய ஆங்கிலேயர் ஜெரால்ட் கார்ட்னர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் பிறகு மலாயாவிலும் வேலை பார்த்தவர். பிரிட்டனில் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பிறகு, 1954-இல் விக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அவர் மரபில் கருவிகள் 8: வாள், அதாமே என்னும் கறுப்புப் பிடிக் கத்தி, வெள்ளைப் பிடிக் கத்தி, மந்திரக்கோல், ஐமுனை நட்சத்திரம் பொறித்த பெண்டகிள் தட்டு, தூபக்கலசம், சாட்டை, கயிறு. பந்து இதில் இல்லை. அது ஐரோப்பியச் சடங்கு மந்திர மரபிலிருந்து வந்து சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் ஜான் டீ வைத்திருந்ததாகச் சொல்லப்படும் கறுப்பு அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடிக் கல்) ஆடி இன்றும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கல் மெக்சிகோவிலிருந்து போனது. 

நம் பக்கத்திலும் இதற்கு உறவு உண்டு. வெற்றிலையிலோ உள்ளங்கையிலோ மை தடவிப் பார்க்கும் அஞ்சனம், திருவிதாங்கூர்ப் பேச்சில் மஷிநோட்டம். கறுத்துப் பளபளக்கும் ஒரு பரப்பு, மங்கிய விளக்கு, அசையாத பார்வை: செய்முறை ஒன்றுதான். பந்து இல்லாவிட்டால் கறுத்த மண்சட்டி நிறையத் தண்ணீர் வைத்தே விக்காவில் பார்க்கிறார்கள். ஆனால் அய்யாவழியினர் சுவாமித்தோப்பிலும் நிழல் தாங்கல்களிலும் நிலைக்கண்ணாடி முன் நின்று கும்பிடுவதை இதோடு சேர்க்கக் கூடாது. அது தன்னுள் இருக்கும் இறையை வணங்குவது. குறி பார்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்போது டியூப்லைட்டுக்கு வருவோம். உங்களுடைய சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கல்லும் பௌர்ணமியும் அதற்குப் பிறகுதான். பந்தின் முன்தோல் குவிந்த கண்ணாடி மாதிரி, உங்களுக்குப் பின்னால் இருக்கும் அறை முழுவதையும் நிமிர்ந்தபடி சின்னதாகக் காட்டும். பின்தோலின் உட்புறம் அதையே தலைகீழாக இன்னொரு முறை காட்டும். ஆகவே ஒரு விளக்குக்கு இரண்டு மினுக்கம். இவை தவிர, பந்துக்கு அப்பால் இருக்கும் சுவர், காலண்டர், ஜன்னல் எல்லாம் லென்ஸ் வழியாகத் தலைகீழாக உள்ளே வந்து நிற்கும். இத்தனையும் நிறைந்த பந்தில் மனம் எங்கே நிற்கும்? வேண்டியது ஒளி இல்லாத ஒரு ஆழம். அதை இப்படி உண்டாக்கலாம்.

ஓர் அட்டைப் பெட்டி எடுங்கள், 40 செ.மீ. அகலம், 40 உயரம், 30 ஆழம் இருந்தால் போதும். ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். உள்ளே ஐந்து புறமும் கறுப்புக் காட்டன் துணி ஒட்டுங்கள். பளபளக்கும் சாட்டின் வேண்டாம். வெல்வெட் நல்லது, ஆனால் நம் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். நடுவில் ஒரு பிரிமணை வையுங்கள், பானை வைக்கும் அதே தென்னை நார் வளையம்தான். அதன்மேல் கறுப்புத் துணி சுற்றிப் பந்தை உட்கார்த்தினால் உருளாது, கீறாது, அடியிலிருந்து வெளிச்சமும் வராது. கடையில் கூடவே தரும் பித்தளைத் தாங்கி அழகுக்குச் சரி. அது பந்துக்குள் மஞ்சள் வளையமாகத் தெரிந்து தொல்லை செய்யும்.

விளக்கு ஒன்று போதும். அதை உங்கள் முதுகுக்குப் பின்னால், ஒரு மீட்டர் தள்ளி, தரையில் வையுங்கள். உங்கள் உடம்பே அதைப் பந்திலிருந்து மறைக்க வேண்டும். மினுக்கம் தெரிந்தால் விளக்கைக் கொஞ்சம் நகர்த்துங்கள், மறையும் இடம் ஒன்று கிடைக்கும். வெறும் மெழுகுதிரி முதுகுக்குப் பின்னால் எரிவது ஆபத்து. துப்பட்டாவும் கொசுவலையும் காத்திருக்கும். சிமினி போட்ட அரிக்கேன் விளக்கு நல்லது. காற்றில் ஆடாது என்பது இன்னொரு வசதி, சுடர் ஆடினால் நிழல் ஆடும், கண் அதைத்தான் துரத்தும். பந்து கண்ணிலிருந்து 45 முதல் 60 செ.மீ. தூரத்தில், பார்வை மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் பெட்டியை ஒரு முக்காலிமேல் ஏற்றுங்கள். குனிந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து பேசத் தொடங்கிவிடும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிடலாம். உருவம் துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை, லென்ஸில் விழும் மினுக்கம்தான் கெடுதல். காண்டாக்ட் லென்ஸோடு உட்கார வேண்டாம், கண் காயும்.

பிரதிஷ்டை. வெயிலும் வெளிச்சமும் போல இது எனக்கு முக்கியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கருவியை மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து வைக்கும் செயல் இது. பந்தைத் தாள் பறக்காமல் இருக்க வைக்கும் கல்லாகப் பயன்படுத்தும் வீட்டில் பார்வையும் அப்படித்தான் இருக்கும். ஒரு முறை செய்தால் போதும், மாதந்தோறும் தேவையில்லை.

சடங்கு செய்ய வகுக்கும் வட்டத்தின் விட்டம் மரபுப்படி 9 அடி. அறை சின்னதென்றால் நீங்களும் பலிபீடமும் (சடங்குப் பொருள்கள் வைக்கும் மேசை) அடங்கும் அளவு போதும். கிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றி வாருங்கள். கோயிலில் பிரகாரம் சுற்றும் அதே திசைதான். கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம் என்பது பிரிட்டனில் அமைந்த முறை. அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து போவதால் நெருப்பு தெற்கு ஆயிற்று. இங்கே ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் இறுதி வரை உச்சிப்பொழுதுச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, தெற்கே இருப்பதோ கடல். திசையை மாற்றலாமா என்று பலர் குழம்புகிறார்கள். குழுவில் தீட்சை பெற்றவர் அந்தக் குழுவின் முறையை மாற்றக் கூடாது. தனியாகச் செய்கிறவர் மாற்றலாம். தென்னரைக்கோள நாடுகளில் வடக்கையும் தெற்கையும் மாற்றிச் செய்கிறவர்கள் உண்டு. என் கருத்தில் இங்கே மாற்றாமல் விடுவதே நல்லது. மேற்கே அரபிக்கடல் நீருக்கும், வடக்கே மலை நிலத்துக்கும் இயல்பாகவே பொருந்திவிடுகின்றன. நெருப்பை மட்டும் அக்கினி மூலையான தென்கிழக்குக்குத் தள்ளி வைத்தால் வீட்டிலுள்ளவர்களுக்கும் உறுத்தாது.

நான்கு திசையையும் அழைத்த பிறகு, 200 மில்லி தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பிட்டுக் கலக்குங்கள். விரல் நுனியால் பந்தின்மேல் மூன்று முறை தெளியுங்கள். இது நிலமும் நீரும். அடுத்துச் சாம்பிராணிப் புகைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் பந்தை ஒரு முறை கொண்டுபோங்கள், அது காற்று. நெருப்புக்கு, எரியும் சுடருக்கு மேலே வேண்டாம், பக்கவாட்டில் ஒரு முறை கடத்தினால் போதும். சுடருக்கு மேலே பிடித்தால் கரி பிடிக்கும், ஒரு பக்கம் மட்டும் சூடேறி உள்விரிசலும் விழலாம். அந்தப் பந்தின்மேல் உப்புத் தண்ணீர் தெளித்தால் விரிசல் உறுதி. தண்ணீர் முதலில், நெருப்பு கடைசியில் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பிறகு இரு கைகளாலும் பந்தைப் பிடித்து, எதற்காக இது என்று உங்கள் சொந்தத் தமிழில் சொல்லுங்கள். “தெளிவாகப் பார்க்க இதை ஏற்றுக்கொள்கிறேன், யாருக்கும் தீங்கு தேட மாட்டேன்” என்ற அளவு போதும். யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது விக்காவின் அடிப்படை வாக்கு, அது விட்டுப்போகக் கூடாது. முடிவில் நன்றி சொல்லித் திசைகளை விடைகொடுத்து அனுப்பி, வட்டத்தை இடமாகச் சுற்றிக் கலைக்க வேண்டும்.

மூலிகை சேர்க்க விரும்பினால் மேற்கத்திய விக்காவில் மக்வர்ட் என்ற செடியின் கஷாயத்தால் பந்தைத் துடைப்பார்கள். அதன் நெருங்கிய இனம் நமக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிப்பத்திரி. அதே பேரினத்தைச் சேர்ந்த மரிக்கொழுந்து தோவாளைப் பூச்சந்தைக்கே வருகிறது. ஒரு கைப்பிடி இலையை ஒரு டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக ஆறவைத்து, வடிகட்டித் துடையுங்கள். குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் மாசிப்பத்திரியைத் தொடாமலே இருப்பது நல்லது.

உட்காரும் நேரம். அறையை இருட்டாக்கிப் போனைத் தள்ளி வைத்து, இருபது நிமிடம் சும்மா இருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். நடுவில் ஒரு முறை போன் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கேள்வியை ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘வேலை கிடைக்குமா’ என்பது போல ஆம்-இல்லை கேள்விக்குப் பந்து ஒத்துவராது. ‘இந்த வேலை மாற்றத்தில் நான் பார்க்கத் தவறுவது என்ன’ என்பது போலக் கேளுங்கள். பார்வையைப் பந்தின் தோலில் நிறுத்தாமல் உள்ளே நடுவில் நிறுத்துங்கள். வழக்கம்போல இமையுங்கள். இமைக்காமல் வெறித்தால் கண்ணீர்தான் வரும், அந்த ஈரத்தில் தெரியும் மினுக்கத்தைக் காட்சி என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு பதினைந்து. இருபதைத் தாண்ட வேண்டாம்.

என்ன தெரியும்? பெரும்பாலானவர்களுக்கு முதலில் வருவது மூட்டம். அதிகாலை வயலில் பனி ஏறுவது போலப் பந்தின் ஓரங்கள் பால் நிறமாக மங்கி, ஓரம் இருக்கும் இடமே தெரியாமல் போகும். இதற்குக் காரணம் 1804-லேயே டிராக்ஸ்லர் என்ற மருத்துவர் விளக்கியது: ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தால் சுற்றியுள்ள மாறாத காட்சியைக் கண் அழித்துவிடும். அந்த வெற்றிடத்தில் மனம் தன் சரக்கைப் போடத் தொடங்கும். நிறங்கள், முகச் சாயல், ஓர் இடம், பெரும்பாலும் பந்துக்குள் அல்ல, கண்ணை மூடினால் வருவதுபோல மனத்துக்குள். ‘உள்ளே சினிமா மாதிரி ஓடும்’ என்று எதிர்பார்க்கிறவர்கள்தான் ஒன்றுமே வரவில்லை என்று சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் தன் முகம் கோணலாகவோ, வேறு ஆளாகவோ தெரிவதும் உண்டு. இத்தாலிய உளவியலாளர் ஜியோவானி கபூட்டோ 2010-இல் ஆடியை வைத்து இதையே ஆராய்ந்து எழுதினார். அது ஆவி அல்ல, கண்ணும் மூளையும் செய்வது. பயம் வந்தால் பார்வையைத் திருப்பி விளக்கைத் தூண்டுங்கள், மறைந்துவிடும்.

வருவது எதிர்காலம்தானா என்றால், அதற்கு நிரூபணம் எதுவும் இல்லை. விக்காவிலும் பொறுப்பாகச் செய்கிறவர்கள் இதைத் தனக்குத் தெரிந்தும் கவனிக்காததை மேலே கொண்டுவரும் வழியாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அந்த அளவில் இதற்கு மதிப்பு இருக்கிறது, நிறையவே. காணாமல் போன நகை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து ஒருவர் பெயரைச் சொன்னால் அது ஒரு குடும்பத்தையே உடைக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், இல்லாத குரல் கேட்கும் அனுபவம் உள்ளவர்கள், பல நாள் தூக்கம் கெட்டிருப்பவர்கள் பந்து முன் உட்காரவே வேண்டாம்.

எழுத்து. ஜான் டீயின் பழக்கத்தில் எடுத்துக்கொள்ளத் தக்கது இதுதான்: 1582 முதல் எட்வர்ட் கெல்லி என்பவர் கல்லில் பார்த்துச் சொல்ல, டீ பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். தனியாளுக்கு அந்த வசதி இல்லை. குரல் பதிவை முன்கூட்டியே ஓடவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்து, தோன்றுவதை மெல்லிய குரலில் சொல்லுங்கள். முடிந்த உடனே நோட்டில் எழுதுங்கள்: தேதி, திதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், விளக்கு இருந்த இடம், கேள்வி. வந்ததை மூன்றாகப் பிரியுங்கள். பளபளப்பும் நிழலும் ஒன்று, கண்ணில் பட்டது ஒன்று, மனத்தில் வந்தது ஒன்று. பொருள் எழுதுவதை மறுநாளைக்கு வையுங்கள். அன்றே எழுதினால் ஆசை கைகொடுத்துவிடும். ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்து, பொருந்தாததையும் பொருந்தாதது என்றே குறியுங்கள். பொருந்தியதை மட்டும் எண்ணுகிற நோட்டு உங்களுக்குப் பொய் சொல்லப் பழகிவிடும். வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

முடித்ததும் பந்தை மூடி, லைட்டைப் போட்டு, ஏதாவது சாப்பிடுங்கள். விக்காவில் கேக்கும் ஒயினும் வைப்பது இதற்காகவும்தான், உடம்பு தரைக்கு வர வேண்டும். முந்திரிக்கொத்து இரண்டும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பியும் அதே வேலையைச் செய்யும். உட்கார்ந்த உடனே பைக் எடுக்காதீர்கள்.

கடல் தண்ணீர்க் கேள்விக்கு: தண்ணீரால் கேடு இல்லை, அதில் வரும் மணலால்தான் கேடு. மணவாளக்குறிச்சி முதல் கன்னியாகுமரி வரை கடப்புறத்து மணலில் காணும் சிவப்பும் கறுப்பும் வெறும் நிறம் அல்ல. சிவப்பு கார்னெட், கீறலைத் தாங்கும் கடினம் மோஸ் அளவில் 7 முதல் 7.5, கூடவே 7.5 கடினமுள்ள சிர்கான். ஸ்படிகம் 7, கண்ணாடி ஐந்தரை. அந்த மணல் ஒரு சிட்டிகை துணியில் ஒட்டியிருந்தாலும் பந்தில் வட்ட வட்டமாகக் கீறல் விழும், பிறகு பாலிஷ் பட்டறைதான் கதி. பந்தை அழகாக மணல் தட்டில் உட்கார்த்தி வைப்பதும் அதே காரணத்தால் கூடாது. கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட்டும் அந்த மணலில் இருக்கிறது, பலிபீடத்தில் வைக்க அது உகந்த பொருளும் அல்ல. கடல் நீர் வேண்டுமென்றால் பகலில் ஒரு பாட்டிலில் எடுத்து, ஒரு நாள் தெளியவிட்டு, மடித்த துணியில் இரண்டு முறை வடிகட்டித் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உள்விரிசல் உள்ள ஸ்படிகத்துக்கு உப்புத் தண்ணீரே வேண்டாம், விரிசலில் உப்புப் பூத்து வெளுக்கும். இரவில் தனியாகக் கடப்புறத்தில் சடங்கு செய்யப் போகாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல், அதாவது திடீரென்று பொங்கும் அலை, ஏறும். 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் உயிர்கள் போனது பட்டப்பகலில்.

சாதாரண நாள் துப்புரவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, பழைய மெல்லிய தோர்த்துத் துண்டு. சாம்பிராணிப் பிசின் படிந்திருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. திருநீறு போட்டுத் தேய்ப்பது, புளி போட்டுத் துலக்குவது இரண்டும் பித்தளைக்கு. ஜூனிலும் அக்டோபரிலும் மழை தொடங்கினால் பந்தை இறுக்கிச் சுற்றி அலமாரியில் மாதக்கணக்கில் விடாதீர்கள். ஈரம் அடைபட்டால் கண்ணாடியின் தோல் வெளிறி மங்கும். வாரம் ஒரு முறை நிழலில் பிரித்துக் காற்றாட வைத்து, உலர்ந்த காட்டன் துணியில் சுற்றுங்கள்.

குறி பார்க்க ஏற்ற நாள் என்று விக்காவில் சொல்லும் சௌவின், அக்டோபர் 31, இங்கே வடகிழக்குப் பருவமழை நடுவில் வருகிறது. கரண்ட் போகும், இடி இறங்கும், அன்று எல்லாம் தயாராக இருந்தும் உட்கார முடியாமல் போகலாம். இறந்தவர்களை நினைக்கும் நாள் அது என்பதால், இரண்டு நாள் கழித்து நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று மாலை ஊர்க் கல்லறைகளில் மெழுகுதிரிகள் எரியும் நேரத்தில் வீட்டில் உட்காருவதும் பொருத்தமே.

அம்மா பயப்படுவது நியாயம். நம் ஊரில் கறுப்புத் துணி, எலுமிச்சை, பந்து என்றால் செய்வினை என்றுதான் முதல் நினைப்பு வரும். மறைத்துச் செய்தால் அந்த நினைப்பு வளரும். அக்கம்பக்கத்தாருக்குப் பார்த்துச் சொல்லாதீர்கள், காசு வாங்காதீர்கள். நோய் தீரும் என்று எங்கும் விளம்பரம் போடாதீர்கள், 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மந்திர மருத்துவ விளம்பரச் சட்டப்படி அது குற்றம். நோட்டை அம்மா எடுத்துப் படித்தாலும் சங்கடம் இல்லாதபடி எழுதுங்கள். ஒரு நாள் பகலில், வெயில் நேராக விழாத திண்ணையில், பந்தை அம்மா கையிலேயே கொடுங்கள். கண்ணாடிப் பந்தே 670 கிராம் கனக்கும், இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள். முற்றத்துத் தென்னை அதற்குள் தலைகீழாக, ஓலை கீழே தொங்க, சின்னதாக நிற்கும். அது ஏன் அப்படித் தெரிகிறது என்று முதலில் அதைச் சொல்லுங்கள். மற்றதை அவர் கேட்கும்போது சொல்லலாம்.